ஒரே கூரையில் இரண்டு ஏரியல்: படம் ஏன் கெட்டுப்போகிறது?

பினாங்கில் தண்ணீர்மலைப் பக்கம் இருக்கிற என் மாமா வீட்டுக் கூரையில் இரண்டு ஏரியல் நின்றன. டிவி ஒளிபரப்பு வருவது இரண்டு மலைகளிலிருந்து. ஒரு ஏரியல் வடக்கே, கடலுக்கு அந்தப் பக்கம் கெடாவில் இருக்கும் குனோங் ஜெராய் மலையைப் பார்த்து. இன்னொன்று தெற்குப் பக்கம் திரும்பி, தீவுக்குள்ளேயே இருக்கும் புக்கிட் பெனாரா மலையைப் பார்த்து. இரண்டு கேபிளையும் ஒரு சின்ன உலோகப் பெட்டியில் சேர்த்து, அங்கிருந்து ஒரே கேபிளை, டிஜிட்டல் சிக்னலைப் படமாக மாற்றும் டெகோடருக்கு இறக்கியிருந்தார்கள். பொருத்திக் கொடுத்தவர் சொன்ன காரணமும் கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது: "ரெண்டு மலையிலேர்ந்தும் வருதுல்ல, ரெண்டையும் சேர்த்துட்டா சிக்னல் டபுள் ஆயிடும் அண்ணே."

ஆகவில்லை. ஒரு ஏரியல் மட்டும் இருந்தபோது நன்றாக வந்த சேனல்களில் சில கட்டம் கட்டமாக உடைய ஆரம்பித்தன, அதிலும் சாயங்காலம் தமிழ்ச் செய்தி பார்க்க உட்காரும் நேரத்தில் படம் உறைந்து நின்றுவிடும், சத்தம் மட்டும் விட்டு விட்டு வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஏணி போட்டு ஏறி, பெட்டியில் இருந்த இரண்டு கேபிளில் ஒன்றைக் கழற்றினேன். கீழேயிருந்து அத்தை "வந்துருச்சுப்பா, கழட்டுனத அப்படியே விடு!" என்றார்.

ஒன்றை எடுத்தால் எப்படிச் சரியாகும்? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால், எப்போது இரண்டாவது ஏரியல் வாங்கலாம், எப்போது அந்தக் காசுக்கு வேறு வேலை செய்யலாம் என்பது தானாகத் தெளிவாகிவிடும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், நம் வீட்டு ஏரியல் இப்போது பிடிப்பது என்ன என்பதைப் பார்த்துவிடலாம். மலேசியாவில் பழைய அனலாக் ஒளிபரப்பு 2019-இல் நின்றது. ஜூலை 21 அன்று லங்காவியில் தொடங்கி, பகுதி பகுதியாக நிறுத்தி, அக்டோபர் முடிவில் சபா, சரவாக்கோடு நாடு முழுக்க முடித்தார்கள். இப்போது காற்றில் வருவது டி.வி.பி.-டி2 என்கிற டிஜிட்டல் முறை, முழுக்க யூ.எச்.எஃப். என்கிற அலைவரிசைப் பட்டையில். அலைவரிசை (ஃப்ரீக்வென்சி) உயர்ந்தால் அலையின் நீளம் குறையும், ஏரியல் கம்பியின் நீளமும் அதற்கேற்பக் குறையும். 600 மெகாஹெர்ட்ஸில் ஓர் அலை காற்றில் 50 சென்டிமீட்டர்தான், ஆகவே அதைப் பிடிக்கும் கம்பி சுமார் 25 சென்டிமீட்டர் இருந்தால் போதும். முன்பு அதைவிடக் குறைந்த வி.எச்.எஃப். பட்டையில் டிவி பார்த்த காலத்தில் வைத்த, கை அகல விரித்த மாதிரி நீளமான கம்பிகள் கொண்ட ஏரியல் இன்னும் உங்கள் கூரையில் இருந்தால், அது இந்த வேலைக்குச் செய்யப்பட்டதே இல்லை. இரண்டாவது ஏரியலைப் பற்றி யோசிப்பதற்கு முன் அதை மாற்றுங்கள்.

அனலாக் காலத்தில் சிக்னல் குறைந்தால் படத்தில் புள்ளி புள்ளியாக மணல் கொட்டின மாதிரி வரும், மலையிலோ கட்டடத்திலோ பட்டுத் திரும்பி வந்தால் ஒரே முகம் நிழலோடு இரண்டாகத் தெரியும், ஆனாலும் பார்க்க முடியும். டிஜிட்டலில் அந்த நடுநிலை கிடையாது. ஒரு அளவு வரைக்கும் படம் குறையே இல்லாமல் வரும், அந்த அளவுக்குக் கீழே கொஞ்சம் இறங்கினாலும் உடையும், இன்னும் கொஞ்சம் இறங்கினால் ஒன்றுமே இல்லை. அதனால்தான் நேற்று வரை அருமையாக வந்தது இன்று திடீரென்று போய்விட்டது என்று தோன்றுகிறது. உண்மையில் நேற்றும் அது விளிம்பில்தான் நின்றிருக்கும்.

டெகோடரில் சிக்னல் பக்கத்தைத் திறந்தால் இரண்டு கோடுகள் தெரியும். ஒன்று வலிமை, இன்னொன்று தரம். பலரும் முதல் கோட்டை மட்டும் பார்க்கிறார்கள். வலிமை என்பது கேபிள் வழியாக எவ்வளவு வந்து சேர்கிறது என்பது, அதில் இரைச்சலும் சேர்த்தி. தரம் என்பது வந்ததில் பிழையில்லாமல் படிக்க முடிவது எவ்வளவு என்பது. மாமா வீட்டில் இரண்டு கேபிளும் சேர்ந்திருந்தபோது வலிமை நன்றாகவே இருந்தது. தரம்தான் கீழே விழுந்து கிடந்தது. படம் வருமா வராதா என்பதை இந்த இரண்டாவது கோடுதான் தீர்மானிக்கிறது.

சரி, தரம் ஏன் விழுந்தது?

ஊஞ்சலில் ஒரு பிள்ளையை உட்கார வைத்து இரண்டு பேர் தள்ளுவதாக வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் ஒரே நேரத்தில், ஒரே பக்கமாகத் தள்ளினால் ஊஞ்சல் உயரப் போகும். ஒருவர் முன்னால் தள்ளும் அதே நேரத்தில் இன்னொருவர் எதிர்ப்பக்கம் தள்ளினால், இரண்டு பேரின் பலமும் சேர்ந்து ஊஞ்சலை நிறுத்திவிடும். அலைகளும் அப்படித்தான். இரண்டு ஏரியலிலிருந்து வரும் ஒரே சிக்னலின் இரண்டு பிரதிகள் பெட்டிக்குள் சந்திக்கும்போது ஏற்றமும் ஏற்றமும் ஒன்றாக விழுந்தால் கூடும், ஏற்றமும் இறக்கமும் ஒன்றாக விழுந்தால் ஒன்றை ஒன்று அழிக்கும்.

அந்த ஒத்துப்போதல் எவ்வளவு நுட்பமானது என்பதுதான் இதில் முக்கியம். கேபிளுக்குள் அலை காற்றில் போவதைவிட மெதுவாகப் போகும். நாம் சாதாரணமாகப் பயன்படுத்தும் ஆர்.ஜி.6 கேபிளில் 600 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 42 சென்டிமீட்டர்தான். அதில் பாதி 21 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு சாண். அதாவது இரண்டு ஏரியலும் ஒரே சிக்னலைப் பிடித்து, ஒரு கேபிள் மற்றதைவிட ஒரு சாண் நீளமாக இருந்தால் போதும், கூட வேண்டியது அழிந்துவிடும். கூரையில் கேபிள் இழுக்கும்போது ஒரு சாண் கூடுகிறதா குறைகிறதா என்று யார் அளந்து பார்க்கிறார்கள்? அதோடு, அலை நீளம் அலைவரிசைக்கு அலைவரிசை மாறுவதால், அதே ஒரு சாண் வித்தியாசம் ஒரு அலைவரிசையை அழித்து இன்னொன்றை விட்டுவைக்கும். டிஜிட்டலில் ஒரே அலைவரிசையில் பல சேனல்கள் ஒரு கட்டாகச் சேர்ந்து வருகின்றன, அந்த அலைவரிசை விழுந்தால் கட்டில் உள்ள அத்தனையும் சேர்ந்து விழும். சில சேனல்கள் மொத்தமாகக் காணாமல் போய், மற்றவை ஒன்றும் நடக்காத மாதிரி ஓடுவதற்கு இது ஒரு காரணம்.

"ஆனால் ஏரியல்தான் வேறு வேறு பக்கம் பார்க்கிறதே, எப்படி ஒரே சிக்னலைப் பிடிக்கும்?" என்று கேட்கலாம். எந்த ஏரியலும் தான் பார்க்கும் திசையை மட்டும் பிடிப்பதில்லை. பின்பக்கமிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் குறைவாகவாவது வரும், எதிரே இருக்கும் கொண்டோ அடுக்குமாடியில் பட்டுத் திரும்பியும் வரும். தெற்கே பார்க்கும் ஏரியலுக்கு ஜெராய் சிக்னலும் கொஞ்சம் கிடைக்கும், அது தாமதமாக, தாளம் தப்பி வந்து, வடக்கு ஏரியல் சுத்தமாகப் பிடித்ததோடு கலக்கும்.

இன்னொரு இழப்பு இருக்கிறது, அதைப் பொருத்துபவர்கள்கூட அநேகமாகச் சொல்வதில்லை. அந்தச் சின்னப் பெட்டி, பிரிப்பதற்குச் செய்த ஸ்பிளிட்டர்தான், அதைத் திருப்பி வைத்துச் சேர்ப்பதற்குப் பயன்படுத்துகிறார்கள். இரண்டு வாயிலிலும் ஒரே சிக்னல் ஒரே தாளத்தில் வந்தால்தான் அது இரண்டையும் முழுதாகக் கூட்டிக் கொடுக்கும். ஒரு வாயிலில் மட்டும் வரும் சிக்னலில் பாதிச் சக்தி பெட்டிக்குள்ளேயே வீணாகிவிடும், மற்ற சின்ன இழப்புகளையும் சேர்த்தால் சுமார் 3.5 டெசிபெல் (சிக்னல் கூடுவதையும் குறைவதையும் சொல்லும் அளவு). 3 டெசிபெல் என்றாலே சரிபாதி. ஆக, ஜெராய் ஏரியல் பிடித்த ஜெராய் சிக்னலிலும் பாதி போச்சு, பெனாரா ஏரியல் பிடித்த பெனாரா சிக்னலிலும் பாதி போச்சு. டபுள் ஆகும் என்று செய்தது ஒவ்வொன்றையும் பாதியாக்கியிருக்கிறது.

இவ்வளவு சொன்னதால் பல ஏரியல் சேர்ப்பதே தப்பு என்று நினைக்க வேண்டாம். உண்மையில் கூரையில் நிற்கும் ஒற்றை ஏரியலே பல ஏரியல்களின் கூட்டுத்தான். 1920களில் ஜப்பானின் தொஹோக்கு பல்கலைக்கழகத்தில் ஷின்தாரோ உடாவும் ஹிதெட்சுகு யாகியும் உருவாக்கிய அமைப்பு அது, மீன்முள் மாதிரி ஒரு தண்டில் குறுக்குக் கம்பிகள் வரிசையாக நிற்கும். கேபிள் இணைந்திருப்பது அதில் ஒரே ஒரு கம்பிக்குத்தான். முன்னால் நிற்கும் கம்பிகளும் பின்னால் நிற்கும் கம்பியும் அலையை வாங்கித் திருப்பி விடுகின்றன. அவற்றின் நீளமும் இடைவெளியும் கணக்காக இருப்பதால் முன்னாலிருந்து வருவது எல்லாம் அந்த ஒரு கம்பியில் தாளம் தப்பாமல் கூடுகிறது, பின்னாலிருந்து வருவது பெரும்பாலும் அழிகிறது. அந்த ஒழுங்கை நாமும் கடைப்பிடித்தால் இரண்டு ஏரியல் நிச்சயம் உதவும்.

அதற்கு இரண்டும் ஒரே மாடலாக இருக்க வேண்டும், ஒரே திசையைப் பார்க்க வேண்டும், கம்பிகள் ஒரே மாதிரி படுத்தோ நின்றோ இருக்க வேண்டும் (உங்கள் பகுதியில் எப்படி என்பதை நன்றாகப் படம் வரும் பக்கத்து வீட்டுக் கூரையைப் பார்த்தால் தெரியும்), இரண்டு கேபிளும் ஒரே ரோலிலிருந்து ஒரே நீளத்தில் வெட்டியவையாக இருக்க வேண்டும். நீளம் ஒன்று என்றால் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு விரல் அகலம்கூட வித்தியாசமில்லாமல் வெட்டுவது. இப்படிச் செய்தால் கணக்குப்படி 3 டெசிபெல், பெட்டியின் இழப்பு போக சுமார் 2.5 டெசிபெல் கூடும். நான்கு ஏரியல் வைத்தால் கணக்குப்படி 6. பக்கம் பக்கமாக வைத்தால் பார்வை இடம் வலமாகக் குறுகும், மேலும் கீழுமாக வைத்தால் மேல் கீழாகக் குறுகும். பக்கத்தில் உயரமான கட்டடம் நின்று பிரதிபலிப்பு பக்கவாட்டிலிருந்து வந்து தொல்லை செய்கிறது என்றால், பக்கம் பக்கமாக வைப்பது அதை நன்றாகவே அடக்கும். எனக்கு அந்த 2.5 டெசிபெலைவிட இந்தப் பயன்தான் பெரிதாகத் தெரிகிறது.

ஏனென்றால் 2.5 டெசிபெல்லை வேறு வழியிலும் சம்பாதிக்கலாம். நல்ல ஆர்.ஜி.6 கேபிளே 20 மீட்டருக்கு 3.5 டெசிபெல் அளவுக்குச் சாப்பிடும். பழைய மெல்லிய கேபிள் இன்னும் அதிகமாகச் சாப்பிடும். வெளியில் இருக்கும் இணைப்பில் மழைத்தண்ணீர் இறங்கிப் பச்சை பூத்திருந்தால் அது போதும், எத்தனை ஏரியல் வைத்தாலும் பயனில்லை. கேபிளை மாற்றி, தேவையில்லாத நீளத்தைக் குறைத்து, வீட்டுக்குள் யாரும் பார்க்காத அறைக்குப் போகும் ஸ்பிளிட்டரைக் கழற்றி, ஏரியலை ஜிங்க் கூரையிலிருந்து ஒரு மீட்டர் தூக்கிக் கட்டினால் இரண்டாவது ஏரியலுக்கான தேவையே பல வீடுகளில் இருக்காது. தண்ணீர்மலைப் பக்கம் இருப்பவர்கள் குரங்கையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். தாவரவியல் பூங்காவிலிருந்து வருபவை கம்பத்தில் தொங்கினால் ஏரியல் திசை மாறிவிடும், கேபிள் உறையையும் கடித்து வைக்கும்.

பூஸ்டர் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அது வந்த சிக்னலையும் வந்த இரைச்சலையும் சேர்த்தே பெரிதாக்கும். வைப்பதானால் ஏரியலுக்குப் பக்கத்தில், கேபிள் தின்பதற்கு முன்னால் வைக்க வேண்டும், டிவிக்குப் பின்னால் வைத்துப் பிரயோஜனம் குறைவு. முன்பு டிவிக்கு இருந்த பட்டையின் மேல்பகுதி, 694 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே, இப்போது கைப்பேசிக்குப் போய்விட்டது. நம் நாட்டு 5ஜி-யும் 700 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. பழைய பூஸ்டர்கள் பல 862 வரை எல்லாவற்றையும் பெரிதாக்கும், பக்கத்தில் கைப்பேசிக் கோபுரம் இருந்தால் அதன் சிக்னலே பூஸ்டரை நிரப்பிவிடும், டிவி அலைக்கு இடமில்லாமல் போகும். 694 வரை மட்டும் விடும் ஃபில்டரோடு வருவதைக் கேட்டு வாங்குங்கள்.

இனி பினாங்கின் தனிப் பிரச்சினைக்கு வருகிறேன். இரண்டு திசை உண்மையிலேயே தேவைப்படும் வீடுகள் இங்கே இருக்கின்றன. ஜெராய் 1,200 மீட்டருக்கு மேல் உயரம், ஜோர்ஜ் டவுனிலிருந்து 40 கிலோமீட்டர் சொச்சம், நடுவில் கடலும் தாழ்வான கரையோரமும். வடக்கே மறைப்பில்லாத வீட்டுக்கு அவ்வளவு தூரத்திலிருந்தும் நன்றாக வரும். பெனாரா கிட்டத்தில் இருக்கிறது, ஆனால் தீவின் நடுவே வடக்கு தெற்காக ஓடும் மலைத்தொடர், கொடிமலையிலிருந்து (பினாங்கு ஹில்) கீழே இறங்கும் அதன் தோள்கள், பல இடங்களுக்கு அதை மறைக்கின்றன. ஆயர் ஈத்தாம், பாயா தெருபோங் பள்ளத்தில் இருக்கும் பிளாட்டுகளில் ஒரு புளோக்குக்கு வருவது அடுத்த புளோக்குக்கு வராது. பால்கனி ஒரே பக்கம்தான் பார்க்கும், கூரையில் ஏற அனுமதி கிடையாது. அங்கே இருப்பவர்கள் மலையை விட்டுவிட்டு, எதிரே நிற்கும் பெரிய கட்டடத்தை நோக்கி ஏரியலைத் திருப்பிப் பாருங்கள். அதில் பட்டுத் திரும்பும் அலை நேராக வருவதைவிடச் சுத்தமாகக் கிடைக்கும் இடங்கள் உண்டு. திரும்பி வந்த அலை என்பதற்காக டிஜிட்டல் அதை ஒதுக்குவதில்லை.

இங்கே டி.வி.பி.-டி2-வின் ஒரு நல்ல குணத்தைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தரவுத் துண்டுக்கும் முன்னால் அது ஒரு சின்ன இடைவெளி விடுகிறது. அந்த இடைவெளிக்குள் வந்து சேரும் எதிரொலிகளை அது தாங்கிக்கொள்ளும், சில சமயம் பயன்படுத்தியும் கொள்ளும். அதைத் தாண்டி வருவது வெறும் இரைச்சல். அலை ஒரு மைக்ரோ நொடியில் 300 மீட்டர் போகும். இரண்டு மலைகளுக்கும் உள்ள தூர வித்தியாசம் 30 கிலோமீட்டர் என்றால் 100 மைக்ரோ நொடி பிந்தி வரும். இரண்டு மலையும் ஒரே அலைவரிசையில் அனுப்பினால் அந்தப் பிந்தல் முக்கியமாகிவிடும், வேறு வேறு அலைவரிசை என்றால் அந்தச் சிக்கல் இல்லை, பாதியாகும் சிக்கல் மட்டும்தான். ஒவ்வொரு ஏரியலையும் தனித்தனியாக இணைத்து, சேனல் தேடி, தகவல் பக்கத்தில் அலைவரிசை எண்ணைப் பார்த்தால் உங்கள் வீட்டில் எது என்று தெரிந்துவிடும்.

இரண்டு திசை வேண்டும், ஆனால் சேர்க்கக் கூடாது. அப்போது என்ன செய்வது? கார்களில் வரும் சில டிவி ரிசீவர்களில் ஒவ்வொரு ஏரியலுக்கும் தனி டியூனர் (அலைவரிசையைத் தேர்ந்து பிடிக்கும் பகுதி) வைத்து, ஒவ்வொன்றின் தரத்தையும் அளந்து, தாளத்தைச் சரி செய்து, அதற்குப் பிறகு கூட்டுகிறார்கள். மாமாவுக்குப் பொருத்திக் கொடுத்தவர் எதிர்பார்த்த கூட்டல் அதுதான், ஆனால் வீட்டு டெகோடர்களில் பொதுவாக அந்த வசதி கிடையாது. ஹோட்டல், அபார்ட்மெண்ட் மாதிரி இடங்களில் ஒரு ஏரியலிலிருந்து இன்ன அலைவரிசைகள், மற்றதிலிருந்து இன்ன அலைவரிசைகள் என்று வடிகட்டிச் சேர்க்கும் கருவி வைப்பார்கள், ஒரு வீட்டுக்கு அது அதிகச் செலவு. கையால் மாற்றும் சுவிட்ச் மலிவு, ஆனால் வயதானவர்கள் ஒவ்வொரு தடவையும் எழுந்து போய்த் திருப்ப வேண்டும்.

மாமா வீட்டில் நாங்கள் செய்தது வேறு. இப்போது விற்கும் டிவிகளில் பலவற்றுக்குள்ளேயே டி.வி.பி.-டி2 டியூனர் இருக்கிறது, மாமாவின் டிவியிலும் இருந்தது, அதை யாரும் பயன்படுத்தவில்லை. ஜெராய் ஏரியலை நேராக டிவிக்குக் கொடுத்தோம். பெனாரா ஏரியலை டெகோடருக்குக் கொடுத்து, டெகோடர் பழையபடி எச்.டி.எம்.ஐ. வழியாக டிவிக்கு. இரண்டு ஏரியல், இரண்டு டியூனர், நடுவில் பெட்டி இல்லை, இழப்பும் இல்லை. ரிமோட்டில் ஒரு பொத்தான் அழுத்தினால் மலை மாறும். கம்பத்தை மட்டும் ஓர் எலெக்ட்ரீஷியனை வைத்து மண்ணோடு எர்த் செய்தோம். இவ்வளவு இடி விழும் ஊரில் அதை விட்டுவிடக் கூடாது.

நான் இதற்கு இவ்வளவு மெனக்கெடுவது ஏன் என்றால், மாமாவும் அத்தையும் மாதச் சந்தா கட்டுவதை நிறுத்தி நாளாகிறது. டிவி2-வில் தமிழ்ச் செய்தியும், பெர்னாமா டிவியின் தமிழ்ச் செய்தியும், அதே டெகோடரில் வானொலியாக வரும் மின்னல் எஃப்.எம்.-மும் அவர்களுக்குக் காசில்லாமல் கிடைக்கின்றன. செயற்கைக்கோள் தட்டு கனமழையில் நின்றுவிடும், ஏனென்றால் அந்த உயர்ந்த அலைவரிசையை மழைத்துளி உறிஞ்சும். யூ.எச்.எஃப். அலையை மழை ஒன்றும் செய்யாது. வெள்ள நேரத்தில் செய்தி தெரிய வேண்டிய வீட்டுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

சாயங்காலப் பிரச்சினை ஒன்று பாக்கி இருந்தது. இரண்டையும் பிரித்த பிறகும் சில நாள் பொழுது சாயும்போது ஜெராய் பக்கத்துத் தரக் கோடு மட்டும் ஏறி இறங்கியது. காற்று அசையாத நாட்களில் கடலுக்கு மேலே வெப்பமும் ஈரமும் அடுக்கடுக்காக நிற்கும், அந்த அடுக்கு அலையை வளைத்துவிடும், தூரத்துச் சிக்னல் ஒரு நிமிடம் கூடும், ஒரு நிமிடம் குறையும், எங்கோ இருக்கும் வேறு நிலையம்கூட உள்ளே நுழையும். பெனாராவிலிருந்து வருவது வலிமையில் குறைவு, ஆனால் கடல் வழி இல்லை, மாலையிலும் கோடு அசையாமல் நிற்கிறது. ஆகவே பகலில் டிவி, செய்தி நேரத்துக்கு டெகோடர் என்று அத்தை ஒரு தாளில் எழுதி ரிமோட்டின் முதுகில் ஒட்டி வைத்திருக்கிறார்.